அரை இஞ்சில் பதிமூன்று மரை

எனக்கு வீடியோவில் பேச வராது. யாராவது செல்போனை முகத்துக்கு நேராகப் பிடித்தால், சட்டைப் பித்தானைச் சரியாகப் போட்டிருக்கிறேனா என்று குனிந்து பார்க்க ஆரம்பித்துவிடுவேன். அதற்குள் சொல்ல வந்தது ஓடிப்போய்விடும். அதனால் எழுதுகிறேன்.

தாம்பரம் முதல் மேடவாக்கம் வரை சைக்கிள் வேலை பார்ப்பவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. நான் வேலையை விட்டு எட்டு மாதமாகியும் என்னை அதிலிருந்து நீக்கவில்லை. நானாக விலகினால் கோபித்துக்கொண்டேன் என்று நினைத்துவிடுவார்களோ என்று நானும் விலகவில்லை. போன மாதம் அதில் ராஜகீழ்ப்பாக்கத்து ஷோரூமில் இருக்கும் ஒரு தம்பி இப்படிப் போட்டிருந்தார்: "பழைய இங்கிலீஷ் வண்டி ஒண்ணு வந்திருக்கு. பி.பி. மாத்தணும். புதுக் கப்பு கையால ரெண்டு சுத்து போகுது, அப்புறம் நின்னுடுது. ஸ்பானர்ல பைப்பு மாட்டி இறுக்கிடவா?"

நான் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இடது கையால் "தொடாதே" என்று தட்டி அனுப்பினேன். அனுப்பிய பிறகு மரியாதையில்லாமல் போய்விட்டதே என்று "தொடாதீங்க தம்பி" என்று இன்னொன்று. பார்த்தாரோ இல்லையோ என்று போனும் செய்துவிட்டேன். "ஏன்ணா இவ்ளோ பதட்டம்?" என்றார். அவருக்கு அன்றைக்குச் சுருக்கமாகச் சொன்னேன். முழுசாகச் சொன்னால் இவ்வளவு வரும்.

சைக்கிள் வேலை தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இரண்டு பெடலும் இரண்டு கிராங்கில் இருக்கின்றன. இரண்டு கிராங்கையும் சேர்ப்பது ஓர் அச்சு. அந்த அச்சு சட்டத்தின் அடியில் ஒரு குட்டிக் குழாய்க்குள் ஓடுகிறது. குழாயின் இரு பக்கமும் கிண்ணம் மாதிரி ஒரு கப்பு, மரை போட்டுத் திருகியிருக்கும். கப்புக்கும் அச்சுக்கும் நடுவில் பக்கத்துக்குப் பதினொன்றாக இருபத்திரண்டு பால்ரஸ் குண்டுகள். இந்த மொத்தக் குடும்பத்துக்கும் கடையில் பி.பி. என்று பெயர். உங்கள் காலின் முழு பலமும் முதலில் இறங்குகிற இடம் அது. அதைப் பார்க்கத்தான் முடியாது.

நான் எட்டாம் வகுப்புப் பரீட்சை எழுதினேன். ரிசல்ட் ஒட்டிய அன்றைக்குப் பயந்துகொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. மறுநாள் போகலாம் என்றிருந்தேன், மறுநாள் இன்னும் பயமாக இருந்தது. அப்படியே படிப்பு நின்றுபோயிற்று. பாஸா ஃபெயிலா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அதன்பின் மேற்குத் தாம்பரத்தில் ஒரு கடையில் பஞ்சர் ஒட்டினேன், சக்கரக் கோட்டம் எடுத்தேன், வாடகைச் சைக்கிளுக்குக் காற்றடித்தேன். பத்துப் பன்னிரண்டு வருஷம் போயிற்று. அதில் சொல்வதற்கு ஒன்றே ஒன்றுதான் உண்டு.

பூ வியாபாரி ஒருவர் சைக்கிளை முழுசாகப் பிரித்துப் பூட்டச் சொல்லி ஓவராயிலுக்கு விட்டார். எல்லாம் பூட்டிக் கொடுத்தனுப்பிவிட்டுப் பார்த்தால், விரித்திருந்த பேப்பரில் ஒரு பால்ரஸ் மிச்சம். ஒரு பக்கம் பத்துக் குண்டோடு போய்விட்டாரோ, சுமையோடு போகும்போது அச்சு பிடித்துக்கொண்டு ரோட்டில் விழுவாரோ. அவர் திருநீர்மலைக் கோயிலுக்குப் பூக் கொண்டு போகிறவர். சாமான் பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே மிதித்தேன். சைக்கிள் மலையடிவாரத்தில் பூட்டி நின்றது, ஆள் மேலே போய்விட்டார். பின் சக்கரப் பூட்டு பி.பி. வேலைக்குத் தடையில்லை. அங்கேயே கவிழ்த்துப் போட்டுப் பிரித்து எண்ணினேன். பதினொன்று. அந்தப் பக்கமும் பதினொன்று. மிச்சமிருந்தது வேறொரு வண்டியின் குண்டு.

அவர் இறங்கி வந்தபோது அவருடைய சைக்கிளின் வயிறு பேப்பரில் பரப்பிக் கிடந்தது. "இன்னாபா, காலையிலதான செஞ்ச?" என்றார். விவரம் சொன்னேன். அவர் சிரித்ததில் பக்கத்துத் தேங்காய்க் கடைக்காரர் எழுந்து வந்து என்னவென்று கேட்டார்.

பூக்காரர் இந்தக் கதையைப் போகிற இடமெல்லாம் சொன்னார். சேலையூரில் சைக்கிள் கடை வைத்திருந்த ஜமீலா அக்காவிடமும் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள், ஜமீலா அக்கா மட்டும் "அந்த ஆள எனக்கு இட்டாந்துடு" என்றாராம். அப்படித்தான் அவர் கடைக்குப் போனேன். முப்பத்தொரு வருஷம் இருந்தேன்.

ஜமீலா அக்காவின் கணவர் திடீரென்று போன பிறகு கடையை எடுத்து நடத்தியவர் அவர். ஸ்பானர் பிடித்து நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் காது வைக்காமல் ஒரு வண்டி கடையை விட்டு இறங்காது. காது வைப்பது என்றால் நிஜமாகவே வைப்பது. சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, சேலைத் தலைப்பை ஒதுக்கிக்கொண்டு குனிந்து, சீட்டின் மேல் ஒரு பக்கக் காதை அழுத்தி, கண்ணை மூடிக்கொள்வார். நாங்கள் பெடலைக் கையால் மெல்லச் சுற்றுவோம். பி.பி.யில் ஒரு தூசி இருந்தாலும் அந்தச் சத்தம் சீட்டுக் கம்பி வழியாக ஏறி அவர் காதுக்குப் போய்விடும். வெளியே வேளச்சேரி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகும், அக்காவின் முகத்தில் ஒன்றும் அசையாது. பிறகு நிமிர்ந்து, "மணல் கீது" என்பார், அல்லது "இறுக்கிட்ட" என்பார். நன்றாக இருந்தால் "ஒண்ணும் கேக்கல" என்பார். முப்பத்தொரு வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த பெரிய பாராட்டு அதுதான்.

கோபம் வந்தாலும் குரல் உயராது. ஏதாவது கெட்டுப்போனால் ஒரே கேள்விதான்: "இப்ப இன்னா கீது, இன்னா இல்ல, அத்தச் சொல்லு." ஏன் ஆயிற்று, யாரால் ஆயிற்று என்பதெல்லாம் அப்புறம். பல சமயம் அந்த அப்புறம் வராமலே போய்விடும். என்னைப் போல எதற்கெடுத்தாலும் நெஞ்சு படபடக்கிறவனுக்கு அது பெரிய மருந்து.

ஆரோக்கியதாஸ் சார் வண்டி விஷயம் ஊரடங்கு தளர்ந்த பிறகு நடந்தது. அப்போது ஊரே சைக்கிளைத் தூசி தட்டி எடுத்தது. மாடிப்படிக்கடியில் துருப்பிடித்துக் கிடந்ததெல்லாம் எங்கள் கடை வாசலில் வரிசையில் நின்றது.

சார் வீடு வீடாகப் போய்க் கணக்கு டியூஷன் எடுப்பவர். செம்பாக்கத்தில் ஒன்று, ராஜகீழ்ப்பாக்கத்தில் இரண்டு, கேம்ப் ரோட்டில் இரண்டு என்று நாளுக்கு ஐந்து வீடு. சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பியவர். நூறு அடி நடந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். பஸ் படி ஏற முடியாது. ஆனால் அவருடைய சைக்கிளில் உட்கார்ந்துவிட்டால் நாள் முழுக்க மிதிப்பார். அது பழைய இங்கிலாந்து வண்டி, பெண்கள் ஓட்டுவதற்காகச் செய்தது. ரயில்வே காலனியிலிருந்து ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் காலி செய்துகொண்டு போனபோது சார் வாங்கியது. சட்டம் கணுக்கால் உயரம் வரை வளைந்து இறங்கியிருக்கும். காலை ஒரு ஜாண் தூக்கினால் போதும், ஏறிவிடலாம். இப்போது வருகிற லேடீஸ் சைக்கிளில் எல்லாம் கம்பி முழங்காலுக்கு வரும், அதில் அவரால் ஏற முடியாது. இடது கிராங்கை லேத்துப் பட்டறையில் ஓர் இஞ்சு குட்டையாகச் செய்து போட்டிருந்தார். பெடலில் செருப்புத் தைக்கிறவர் தைத்துக் கொடுத்த ஒரு தோல் வார். ஆக, அந்தச் சைக்கிள் போனால் சாருக்குக் கால் போன மாதிரி. இது கடையில் எல்லாருக்கும் தெரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்து, "கோதண்டம், மிதிச்சா கடக் கடக்குனு ஒரு சத்தம். பசங்களுக்குத் திங்கக்கிழமை பரீட்சை. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள குடுத்துடுவீங்களா?" என்றார். கிராங்கைப் பிடித்து ஆட்டினேன். பல் ஆடுகிற மாதிரி ஆடியது. சரி சார் என்றேன்.

செய்த முறையைச் சொல்கிறேன், ஏனென்றால் தவறு எங்கே என்று தெரிய வேண்டும். கிராங்கை அச்சோடு பிடித்திருப்பது காட்டர் பின் என்கிற ஆப்பு. அதற்கு ராத்திரியே மண்ணெண்ணெய் நாலு சொட்டு விட்டு வைத்தேன். காலையில் அதன் நட்டை முழுக்கக் கழற்றாமல் மரை நுனிக்கு மட்டமாக விட்டேன், அடி விழும்போது மரை நசுங்காமல் இருக்க. கிராங்குக்கு அடியில் தரை வரைக்கும் இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்தேன். முட்டு இல்லாமல் அடித்தால் அந்த அடியெல்லாம் உள்ளே பால்ரஸ் மேல் இறங்கிக் கப்பில் குழி விழும். பிறகு சுத்தியலால் ஒரே அடி. பின் இறங்கிவிட்டது. மறுபக்கமும் அப்படியே. இடது கப்பைச் சாதாரணமாகத் திருகிக் கழற்றலாம். வலது கப்பு, அதாவது செயின் பக்கத்துக் கப்பு, எதிர் மரை. மற்றதெல்லாம் கழல்கிற பக்கம் திருப்பினால் இது இறுகும். இது தெரியாமல் அரைநாள் மல்லுக்கட்டியவர்கள் அந்த வாட்ஸ்அப் குழுவிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள், பெயர் சொல்லவில்லை.

எல்லாம் அழகாக வந்தது. அச்சில் குழி. கப்பிலும் குழி. புதுசு போட வேண்டியதுதான். பழைய கப்பையும் அச்சையும் காயலான் டப்பாவில் போட்டேன். நான் எதையும் சட்டென்று தூக்கிப் போடுகிறவன் அல்ல, பழைய வால்வு மூடிகளைக் கூட ஒரு டப்பாவில் வைத்திருப்பவன். ஆனால் அன்றைக்கு வாசலில் இருபது வண்டி. பத்து மணிக்குக் காயலான்கடைக்காரர் வந்தார், டப்பாவை அவர் சாக்கில் கவிழ்த்துக்கொண்டு போனார். நான்தான் டப்பாவை எடுத்துக் கொடுத்தேன்.

பதினொரு மணிக்குப் புது வலது கப்பை வைத்துத் திருகினேன். விரலாலேயே இரண்டு சுற்று போயிற்று. பிறகு நின்றது. வெளியே எடுத்தேன், துடைத்தேன், மறுபடி வைத்தேன். இரண்டு சுற்று, நின்றது. துரு இருக்கும் என்று மண்ணெண்ணெய் விட்டுத் துலக்கினேன். மறுபடி அதே இடம்.

பக்கத்தில் ரஃபி இருந்தான். ஜமீலா அக்காவின் மருமகன், முப்பத்தைந்து வயது ஆள், வாய் சும்மா இருக்காது. "இன்னாணே, கப்ப வெச்சுத் தாலாட்டிக்கினு கீற? நீ தடவி முடிக்கிறதுக்குள்ள அந்தப் பசங்க பரீட்சை எழுதி, பாஸாயி, அவங்க புள்ளைங்கள சாராண்ட டியூஷன் சேத்துடுவாங்க."

வாசலில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு அது பழக்கம்தான், ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு என்னவோ சுருக்கென்றது. எல்லாவற்றுக்கும் பயப்படுகிறோமே, துருவுக்குமா பயப்பட வேண்டும் என்று நானே என்னிடம் கேட்டுக்கொண்டேன். ஸ்பானரில் இரண்டடிப் பைப்பை மாட்டினேன். இழுத்தேன்.

கால் சுற்று போயிற்று. நல்ல பிடிமானம் போல இருந்தது. இன்னொரு கால் சுற்று. அப்போது ஒரு சத்தம் வந்தது. ஸ்லேட்டில் ஆணியால் கீறுகிற மாதிரி. கப்பைச் சுற்றி வெள்ளி நூல் போல இரும்புப் பிசிறு எட்டிப் பார்த்தது.

கையை எடுத்துவிட்டேன். வாழ்க்கையில் நான் பயப்படாமல் செய்த ஒரே வேலை அதுதான்.

கப்பைப் பின்னால் திருப்பி எடுத்துப் பார்த்தால், சார் வண்டியின் குழாய்க்குள் முதல் இரண்டு மரை படுத்துவிட்டன. அதற்கு உள்ளே இன்னும் நல்ல மரை இருந்தது. ஆனால் எந்தக் கப்பு போய் அதைப் பிடிக்கும்?

அக்காவிடம் போய் நின்றேன். முகத்தைப் பார்த்ததுமே, "இன்னா கீது, இன்னா இல்ல?" என்றார்.

"இடது பக்கம் நல்லா இருக்கு. வலது பக்கம் முதல் ரெண்டு மரை போச்சு. புதுக் கப்பு ஏறல, ஏன்னு தெரியல. பழைய கப்பு இல்ல. காயலானுக்குப் போட்டுட்டேன்."

"பைப்பு மாட்டுனியா?"

"மாட்டுனேன்."

ரஃபி அங்கேயே நின்றான். பைப்பை எடுத்து மூலையில் சாத்தினான்.

"சார் வந்தா நீயே சொல்லிடு," என்றார் அக்கா. "நான் சொன்னா கடை மன்னிப்புக் கேக்குற மாதிரி இருக்கும். நீ சொன்னா வேலை எதுல நிக்குதுன்னு அவருக்குப் புரியும்."

சாயங்காலம் சார் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். நான் ஒப்பித்துப் பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. "சார், உங்க வண்டிய நான் கெடுத்துட்டேன்" என்றேன். அவர் முகம் ஒரு நொடி வெளுத்ததைப் பார்த்தேன். குழாயை எட்டிப் பார்த்தார், சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஸ்டூலைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தார்.

"புதுக் கப்பு எத்தனை சுத்து போச்சு?"

"ரெண்டு சார்."

"ஒவ்வொரு தடவையும் சரியா ரெண்டா?"

"ஆமா சார்."

"துருவா இருந்தா ஒரு தடவை ஒண்ணரை, ஒரு தடவை மூணுன்னு வரும். இது கணக்கா நிக்குதே," என்று பையிலிருந்து ஸ்கேலும் பென்சிலும் எடுத்தார். புதுக் கப்பின் மரை மேல் ஸ்கேலை வைத்து எண்ணினார். அரை இஞ்சில் பன்னிரண்டு. குழாய்க்குள் ஸ்கேல் போகாது. நோட்டிலிருந்து ஒரு கீற்றுக் காகிதத்தைக் கிழித்து, இடது பக்கத்து நல்ல மரையில் வைத்துக் கட்டை விரலால் அழுத்தி, மேலே பென்சிலால் தேய்த்தார். நாணயத்துக்கு மேல் காகிதம் வைத்துக் குழந்தைகள் தேய்ப்பார்களே, அப்படி. கோடு கோடாக விழுந்தது. கீற்றை ஸ்கேல் மேல் வைத்து எண்ணினார். மறுபடி எண்ணினார். பதிமூன்று.

"பன்னெண்டும் பதிமூணும் முதல் ரெண்டு படி சேர்ந்து நடக்கும், அப்புறம் இடிக்கும். உங்க மேல தப்பில்ல, இது வேற அளவு மரை."

"பைப்பு மாட்டுனது என் தப்புதான் சார்."

"அது ஆமா," என்றார். "எல்.சி.எம். படிச்சிருக்கீங்களா?"

"எட்டாவதுல நடத்துனாங்க சார். ரிசல்ட் தெரியாது."

அப்போதுதான் அவர் சிரித்தார். எனக்கும் மூச்சு வந்தது. அந்த வண்டியைச் செய்த கம்பெனி அந்தக் காலத்தில் ஊரோடு ஒத்துப்போகாமல் தனக்கென்று ஒரு நெருக்கமான மரை வைத்திருந்தது என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். முப்பது வருஷத்துக்கு மேலான சர்வீஸில் அப்படிப்பட்ட வண்டி எத்தனையோ என் கையில் வந்திருக்கும். பால்ரஸ் மட்டும் மாற்றி, பழைய கப்பையே பூட்டி அனுப்பியிருப்பேன். அதனால் தெரியாமலே போயிருக்கிறது.

வேண்டியது அதே கம்பெனியின் பழைய கப்பு. காயலான்கடைக்கு ஓடினேன், சாக்கு லாரி ஏறிவிட்டது என்றார்கள். இனி வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைதான். அதுவரை இரண்டு நாள் சார் ஐந்து வீட்டுக்கும் எப்படிப் போவார்? அக்கா மருமகனைப் பார்த்தார். "ரஃபி, ஸ்கூட்டர எடு."

ரஃபி இரண்டு நாளும் சாரை ஏற்றி இறக்கினான். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மணி நேரம் வெளியே நிற்க வெட்கப்பட்டு உள்ளே போய் உட்கார்ந்தான். வியாழக்கிழமை கடைக்குத் திரும்பியவன், "அண்ணே, எக்ஸுக்கு ரெண்டு விடை வருமாம், தெரியுமா? நம்மள ஒரு விடைக்கே உதைச்சானுங்க" என்றான். எனக்கு இருந்த நிலையில் சிரிக்கக்கூட முடியவில்லை. புதன், வியாழன் இரண்டு ராத்திரியும் மனதுக்குள் பன்னிரண்டு, பதிமூன்று என்று எண்ணிக்கொண்டே கிடந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் சட்டைப் பையில் அந்தக் காகிதக் கீற்றோடு, என் சைக்கிளில் ஜி.எஸ்.டி. ரோடு வழியாகப் பல்லாவரம் போனேன். அந்தச் சந்தையில் கிடைக்காத சாமான் இல்லை என்பார்கள். தார்ப்பாய் தார்ப்பாயாக இரும்பு. ஒவ்வொரு குவியலாக உட்கார்ந்து கப்பு கப்பாக எடுத்துக் கீற்றை ஒட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு. பன்னிரண்டு. பன்னிரண்டு. ஒரு கடைக்காரர், "இன்னா சார், ஜோசியம் பாக்குறியா?" என்றார். பதினொரு மணிக்கெல்லாம் முழங்கால் விட்டுப்போயிற்று. கிடைக்காவிட்டால் சாரிடம் என்ன சொல்வது என்று வாக்கியம் தயார் செய்ய ஆரம்பித்திருந்தேன்.

அப்போது வறுவறுவென்று சாணைச் சத்தம். சந்தை ஓரத்தில் ஒருவர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, மேலே உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தார். பின் சக்கரத்திலிருந்து வார் ஓடி, கேரியர் மேல் இருந்த சாணைக்கல் சுற்ற, ஒருவர் நீட்டிய அரிவாள்மணையில் நெருப்புப் பொறி பறந்தது. நான் பார்த்தது பொறியை அல்ல. செயின் வீலை. சார் வண்டியின் செயின் வீலில் இருக்கும் அதே பூ வேலைப்பாடு.

"இன்னா சார், வண்டிய மொறச்சிக்கினே கீற?" என்றார் சாணைக்காரர். ஏழுமலை என்று பெயர்.

விஷயத்தைச் சொன்னேன். காலைச் சொன்னேன், பரீட்சையைச் சொன்னேன், பைப்பையும் விடவில்லை. அவர் நெற்றியைச் சொறிந்துகொண்டார். "அத்த கழட்டிக் குட்டுட்டு நான் இன்னாத்த மிதிக்கிறது? வெள்ளிக்கெழம ஒரு நாளுதான் இங்க பொழப்பு."

என் சைக்கிளைக் காட்டினேன். "இதை எடுத்துக்குங்க. கல்லை இதுல மாட்டித் தரேன்."

"ஓடுமா?"

"காது வெச்சுப் பாருங்க."

அவர் காதெல்லாம் வைக்கவில்லை. நேராக ஏறி உட்கார்ந்து மிதித்துப் பார்த்தார். நின்று பார்த்தார். பின்பக்கமாக மிதித்துப் பார்த்தார். "ஏன்யா, இதுல சத்தமே வரல? இதுக்குள்ள ஏதானும் கீதா?" என்று சந்தேகமாகக் கேட்டார். அந்தப் பி.பி.யை நான் வருஷத்துக்கு இரண்டு முறை பிரித்துப் பூட்டுகிறவன். கல்லையும் அதன் தாங்கியையும் நாலு போல்ட்டில் இடம் மாற்ற ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த நேரத்தில் நாலைந்து பேர் கத்தியோடு வரிசையில் நின்றுவிட்டார்கள். முதல் கத்தியைத் தீட்டி, முன்கையில் ஒரு முடியைச் சிரைத்துப் பார்த்தார் ஏழுமலை. "சரி, தூக்கினு போ" என்றார்.

வழியில் கப்புக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று மிதிக்கப் பயந்து, மின்சார ரயிலில் கூடைக்காரர்கள் ஏறும் பெட்டியில், சாணைக்காரர் வண்டியின் சட்டத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு தாம்பரம் வந்தேன். மீன் கூடை அம்மா ஒருவர், "ரயில்ல சைக்கிள்ல போற மொத ஆளு நீதான்யா" என்றார்.

கடையில் வைத்துப் பிரித்தேன். கப்பு வெளியே வந்தது. கீற்றை வைத்தேன். பதிமூன்று. மழையில் நனையாமல், குழியில் இறங்காமல், நின்ற இடத்திலேயே சுற்றிய வண்டி என்பதால் கப்பும் அச்சும் கண்ணாடி மாதிரி இருந்தன. சாரின் குழாயில் படுத்துப்போன இரண்டு மரையையும் கடைசல் பட்டறைக்குக் கொண்டுபோகலாம் என்றான் ரஃபி. வேண்டாம் என்றேன். சின்ன முக்கோண அரத்தால் பள்ளம் பள்ளமாக எடுத்தேன். நாலு இழுப்பு, கப்பை வைத்து விரலால் திருகிப் பார்ப்பது. நிற்கிற இடத்தில் சுண்ணாம்புக் குறி. எடுத்து மறுபடி நாலு இழுப்பு. மதியச் சாப்பாடு போயிற்று, டீ ஆறியது. ரஃபி பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் அடித்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. அது அவனுக்கு நோன்பை விடக் கஷ்டம்.

ஐந்து மணி சுமாருக்குக் கப்பு விரலாலேயே உள்ளே போக ஆரம்பித்தது. இரண்டாவது சுற்றில் நிற்கவில்லை. மூன்று, நாலு என்று போய் விளிம்பு குழாயில் முட்டியது. அதற்குப் பிறகுதான் ஸ்பானரைத் தொட்டேன், அதுவும் பைப்பு இல்லாமல். கிரீஸ் வைத்துக் குண்டுகளை அடுக்கினேன். பதினொன்று, பதினொன்று. ரஃபியையும் எண்ணச் சொன்னேன்.

சார் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஜமீலா அக்கா எழுந்து வந்து, தலைப்பை ஒதுக்கி, சீட்டில் காதை வைத்தார். ரஃபி பெடலைச் சுற்றினான். சாதாரணமாக அரை நிமிஷம் கேட்பார். அன்றைக்கு ஒரு பஸ் போய், தண்ணி லாரி போய், இன்னொரு பஸ்ஸும் போயிற்று. நிமிர்ந்தார்.

"ஒண்ணும் கேக்கல."

சார் காலை ஒரு ஜாண் தூக்கி ஏறி, தோல் வாருக்குள் பாதத்தை நுழைத்துக்கொண்டு, கேம்ப் ரோடு பக்கம் போனார். வளைவு வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்படியே விழாமல் போய்விட்டார்.

அடுத்த வாரம் வந்து, "உங்க பழைய ஸ்கூல் ஹெட்மாஸ்டர் எனக்குத் தெரிஞ்சவர்தான். எட்டாவது ரிசல்ட் ரிஜிஸ்டர்ல இருக்கும், பாத்துச் சொல்லட்டுமா?" என்றார். "வேணாம் சார், இப்பத்தான் தூக்கம் வருது" என்றேன்.

இப்போது வருகிற வண்டிகளில் பி.பி. மொத்தமும் மூடின ஒரே உருளை. குண்டு எண்ண வேண்டியதில்லை, கிரீஸ் வைக்க வேண்டியதில்லை. எனக்கு அதில் துளி வருத்தம் கிடையாது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் வந்திருந்தால் நான் திருநீர்மலை வரை மிதித்திருக்க மாட்டேன். ஆனால் அந்த உருளைக்கும் மரை இருக்கிறது. ஷோரூம் தம்பிக்கும் இதைத்தான் சொன்னேன்: விரலால் பாதி தூரமாவது போகாததை ஸ்பானரால் போக வைக்காதீர்கள். காகிதக் கீற்றைப் படம் பிடித்துக் குழுவிலும் போட்டேன். தம்பி தன் வண்டியில் தேய்த்துப் பார்த்துவிட்டு "13" என்று மட்டும் பதில் போட்டார். மனசு குளிர்ந்தது.

வேலையை விட்ட பிறகு எனக்கு ஒரு புதுப் பிரச்சினை. சார் தினமும் காலை ஆறு மணிக்கு எங்கள் தெரு வழியாகத்தான் செம்பாக்கம் போகிறார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்பேன். வண்டியில் சத்தம் இருந்தால்தானே கேட்கும். அவர் போய்விட்டாரா, இன்னும் வரவில்லையா, நடுவில் எங்கேயாவது அச்சு பிடித்துக்கொண்டதா என்று ஒன்றும் தெரியாது. வெட்கத்தை விட்டு ஒருநாள் அவரிடமே சொன்னேன். மறுநாளிலிருந்து எங்கள் வீட்டைத் தாண்டும்போது ஒரு பெல் அடித்துவிட்டுப் போகிறார்.

போன செவ்வாய்க்கிழமை பெல் கேட்கவில்லை. ஆறு ஐந்து, ஆறு பத்து. லுங்கியோடு, சாமான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தெரு முனை டீக்கடையில் சார் சைக்கிள் மேலேயே உட்கார்ந்து, ஒரு காலை ஊன்றிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். மற்றொரு கையில் பெல்லின் மூடி இருந்தது.

"வாங்க கோதண்டம். உங்க வீட்டு வாசல்லயே கழண்டு விழுந்துடுச்சு. எப்படியும் நீங்களே வருவீங்கன்னுதான் இங்க நிக்கிறேன்."

மூடியை வாங்கி வைத்துத் திருகினேன். விரலாலேயே கடைசி வரைக்கும் போயிற்று.